டிவி ஓடும் வீட்டில் மனப்பாடம்: இடத்தை மாற்றுவதா, காதை அடைப்பதா, மனத்தைப் பழக்குவதா?

என் அக்கா மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டே அறைகள் கொண்ட வீடு. மாலை ஆறரை மணிக்குப் போடப்படும் டிவி, பாட்டியின் தொடர்கள் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் ஓய்கிறது. பகலில் பழைய இரும்பு வாங்குகிறவர் முதல் பூண்டு விற்கிறவர் வரை, பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டபடி தெருவைக் கடக்கிறார்கள். "மூணு தடவை படிச்சாலும் நிக்க மாட்டேங்குது சித்தி" என்று குறைபட்டுக்கொண்டவள், தன் முன்னால் இருந்த வழிகளையும் சொன்னாள். நூலகத்துக்குப் போய்ப் படிக்கலாம். காதை அடைக்க ஏதாவது வாங்கலாம். பாட்டைப் போட்டு மற்ற சத்தத்தை அமுக்கலாம். கவனத்தைக் கூர்மையாக்குவதாக விளம்பரம் செய்யும் பயிற்சிச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம். அல்லது போகப்போகப் பழகிவிடும் என்று விட்டுவிடலாம். இவற்றில் எதற்குப் பணமும் நேரமும் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

ஒரே நோய்க்கு ஐந்து மருந்துகள் இருப்பதுபோல இந்தக் கேள்வி தோன்றினாலும், உண்மை அப்படியில்லை. இரைச்சல் நினைவைக் கெடுப்பதற்குப் பல வழிகள் உள்ளன. ஒரு வழியை அடைக்கும் தீர்வு இன்னொன்றைத் தொடுவதே இல்லை. எனவே எந்தச் சத்தம், எந்தப் படிப்பை, எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பிரித்துக்கொண்ட பிறகே வழிகளை ஒப்பிட முடியும்.

1976-இல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், சிலருக்கு எழுத்துகளின் வரிசையைக் கண்ணுக்குக் காட்டி, அதே வரிசையில் நினைவுகூரச் சொன்னார்கள். பின்னணியில் அவர்களுக்குப் புரியாத ஜெர்மன் மொழிப் பேச்சு ஓடியது. அதைக் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை; கேட்டாலும் ஒரு சொல்கூட விளங்காது. ஆயினும் அமைதியில் செய்ததைவிட வரிசை கூடுதலாகக் குலைந்தது. பிற்காலத்தில் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட இந்த விளைவின் சிறப்பு, சத்தத்தின் உரத்த அளவு இதில் பெரிதாகப் பொருட்படுவதில்லை என்பதே. ஏறத்தாழ 40 டெசிபல் முதல் 75 டெசிபல் வரை, அதாவது தணிந்த குரல் முதல் உரத்த பேச்சுவரை, கெடுதல் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. 'கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள்' என்று டிவிக்கு முன்னால் இருப்பவர்களிடம் கெஞ்சி வாங்கும் சலுகை, மனப்பாடத்தைப் பொறுத்தவரை நாம் நினைக்கும் அளவுக்கு உதவாது என்பது இதன் பொருள்.

உரத்த அளவு காரணமில்லை என்றால் வேறு எது காரணம்? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டிலன் ஜோன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களில் இதற்கு விடை தேடினார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப ஒலித்தால் நினைவு பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. ஒலிக்கு ஒலி மாறிக்கொண்டே போனால் பாதிக்கப்படுகிறது. மாறும் ஒலி பேச்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சுருதி மாறும் வெற்று ஒலிகளே போதும். அவர்கள் தந்த விளக்கம் இது: காதில் விழும் ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவதை மூளை நம் அனுமதியைக் கேட்காமல் தானே செய்கிறது. நாம் மனத்துக்குள் சொல்லிச் சொல்லி ஒரு வரிசையை நிறுத்த முயலும்போது, இந்த அழையா வரிசை அதனோடு மோதுகிறது. மின்விசிறியின் சீரான இரைச்சலில் வரிசை இல்லை. அடுத்த அறையின் பேச்சில் இருக்கிறது.

குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். அவற்றில் 100 தமிழ். குறளையும் செய்யுளையும் உருப்போடுவது, ஆட்சியாளர்களையும் ஆண்டுகளையும் முறைப்படி நினைவில் நிறுத்துவது, பாலாறு, பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி என்று வடக்கிலிருந்து தெற்காக அடுக்குவது எல்லாம் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கும் வேலைகள். ஆகவே இவைதான் மாறும் ஒலியிடம் முதலில் அடிவாங்குகின்றன.

இப்படி வரிசையோடு வரிசை மோதுவது, இரைச்சல் நினைவைக் கெடுக்கும் முதல் வழி. இரண்டாவது வழி, பொருள் வழியே வருவது. ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது, பின்னணிப் பேச்சு நமக்குத் தெரிந்த மொழியில் இருந்தால் தெரியாத மொழியைவிடக் கூடுதலாகக் கெடுக்கிறது. பாட்டியின் தொடரில் மாமியார் என்ன சதி செய்கிறாள் என்பது நம்மை மீறி நமக்குப் புரிந்துவிடுகிறது. அதே வேளையில் அரசியலமைப்பின் ஒரு கூறு புரிய மறுக்கிறது. மூன்றாவது வழி, திடீரென்று குறுக்கிடும் ஒலி: குக்கர் விசில், கதவு அறையும் சத்தம், நம் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுவது. இது கவனத்தையே பறித்துக்கொண்டு போய், சற்றுப் பொறுத்துத் திருப்பித் தருகிறது. ஒருவர் கைப்பேசியில் பேசுவதை ஒரு பக்கம் மட்டும் கேட்க நேர்வது, இருவர் பேசுவதை முழுமையாகக் கேட்பதைவிட அதிகம் தொந்தரவு தருகிறது என்று 2010-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்க முடியாததே காரணம் என்பது அவர்கள் முடிவு. வீட்டில் போன் பேசுகிறவர்களை மொட்டை மாடிக்கு அனுப்ப வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருவதற்கு இப்படி ஓர் ஆதாரம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

படிக்கும் நேரத்தோடு மட்டும் இரைச்சலின் வேலை முடிவதில்லை. ஏற்கனவே பார்த்து மனத்தில் பதிந்த படங்களின் நுணுக்கங்களை நினைவுகூரும் நேரத்தில் கூட்ட இரைச்சலைக் கேட்கவைத்தபோது, அமைதியிலும், 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக ஒலிக்கும் வெண்ணிரைச்சலிலும் இருந்ததைவிட அந்த நுணுக்கங்கள் குறைவாகவே வந்தன என்று பீட்டர் வைஸும் ஆடம் கசாலியும் 2011-இல் கண்டார்கள். இணைய வகுப்பைக் கேட்டுப் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரைச்சலுக்கு நடுவே சொற்களைச் சரியாகவே காதில் வாங்கினாலும், வாங்குவதற்கே உழைப்பு செலவாகிவிடுவதால், வாங்கியது நினைவில் குறைவாகத் தங்குகிறது. ராபிட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1968-லேயே இதைக் காட்டிவிட்டார்.

இனி வழிகளுக்கு வரலாம். இடத்தையோ நேரத்தையோ மாற்றி அமைதியைத் தேடுவதற்கு இருக்கும் சான்று மற்றெதற்கும் இல்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், உயரப் பாதையில் ஓடும் ரயிலுக்கு அருகில் இருந்த பொதுப் பள்ளி 98-ஐ ஆர்லீன் பிரான்சாஃப்ட் ஆராய்ந்தார். ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த குழந்தைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்துக் குழந்தைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-இல் அவர் வெளியிட்டார். ஆறாம் வகுப்புக்குள் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டாகிவிட்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரையும் அமைத்த பிறகு, 1981-இல் வந்த தொடர் ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டபோது, இயற்கையே நடத்திய சோதனைபோல ஒரு வாய்ப்பு அமைந்தது. பழைய நிலையத்தின் அருகில் இருந்த குழந்தைகளின் நீண்டகால நினைவும் வாசிப்பும் மேம்பட்டன. புதிய நிலையத்தின் அருகில் இருந்தவர்களுடையவை சரிந்தன. இழப்பு நிரந்தரமில்லை என்பது இதில் ஆறுதலான பகுதி. சத்தத்தை நீக்கினால் போதும், குழந்தையைத் திருத்த வேண்டியதில்லை என்பதையே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

தேர்வு எழுதுகிறவருக்கு அமைதியில் படிப்பதால் இன்னொரு ஆதாயமும் கிடைக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கட்டுரையைச் சிலர் அமைதியிலும் சிலர் உணவகக் கூட்டத்தின் சத்தத்திலும் படித்தார்கள். பிறகு இரு சூழல்களிலும் தேர்வு வைக்கப்பட்டது. படித்த சூழலும் எழுதிய சூழலும் ஒத்திருந்தவர்களே சிறப்பாகச் செய்தார்கள். தேர்வு அறை அமைதியானது. ஆதலால் படிப்பும் அமைதியில் நடப்பதே பொருத்தம். 'சத்தத்தில் படித்துப் பழகினால் எங்கேயும் எழுதலாம்' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 2010-இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனப் பெரிய இடங்கள் இருக்கின்றன. சிற்றூர்களில் கிளை நூலகங்கள் உண்டு. ஆனால் பேருந்தில் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடத்தை மாற்ற முடியாதவர்கள் நேரத்தை மாற்றலாம். விடியற்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வதில், என் எண்ணப்படி, அந்த வேளையின் அமைதிக்குத்தான் பெரும்பங்கு. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; திருவிழா நாள்களில் நள்ளிரவு வரை அனுமதி தரவும் ஆண்டுக்குச் சில நாள்கள் இடமுண்டு. ஆனாலும் டிவி அணைந்த பிறகு படுத்து நான்கு மணிக்கு எழுவது என்றால், படித்ததை நிலைநிறுத்தும் தூக்கத்தையே வெட்டிவிடுகிறோம். அமைதியை வாங்கத் தூக்கத்தை விற்பது நட்டக் கணக்கு. முன்னிரவிலேயே படுக்க முடிந்தால்தான் விடியற்காலை பயன்தரும்.

காதை அடைப்பது அடுத்தது. மருந்துக் கடையிலோ இணையத்திலோ கிடைக்கும் நுரை இயர்பிளக் மிக மலிவானது. உறையில் 30 டெசிபல் குறையும் என்று அச்சிட்டிருந்தாலும், சரியாகப் போடாதவர்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். அதை மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையால் காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். உரத்த அளவு முக்கியமில்லை என்று மேலே சொன்னது இங்கேதான் வேலைக்கு வருகிறது. 75 டெசிபலை 55 ஆக்குவதால் மனப்பாடத்துக்குப் பெரிய ஆதாயம் இல்லை. 50 டெசிபலில் அடுத்த அறையிலிருந்து வரும் பேச்சைக் காதுக்கு எட்டாத அளவுக்கு இறக்கினால் ஆதாயம் உண்டு. ஆகவே டிவி வேறு அறையில் இருந்து கதவும் சாத்தப்பட்டிருந்தால் இயர்பிளக் நன்றாக உதவும். வாசலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு அது மட்டும் போதாது.

சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் விலையுயர்ந்த ஹெட்போன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவை பேருந்து எந்திரம், ஏசி, ஜெனரேட்டர் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளைத்தான் நன்றாக அழிக்கின்றன. அந்த ஒலிகள் நினைவை அதிகம் கெடுப்பதில்லை. கெடுக்கும் பேச்சை அவை அவ்வளவு நன்றாக அழிப்பதில்லை. பயணத்துக்கு நல்ல பொருள். மனப்பாடத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, பேச்சைச் சீரான இரைச்சலில் மூழ்கடிப்பது. எலர்மையர், ஹெல்ப்ரூக் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட சோதனையில், பேச்சோடு சீரான இரைச்சலைக் கலக்கக் கலக்க நினைவுக்கு வந்த கெடுதல் குறைந்தது. எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைவிட, பேச்சு பின்னணியிலிருந்து எவ்வளவு துலக்கமாக எழுந்து நிற்கிறது என்பதே முக்கியம். இந்த வழிக்கு நம் வீடுகளில் செலவே கிடையாது, மின்விசிறி இருக்கிறது. மேசை விசிறியைக் கதவுப் பக்கமாக வைத்துக்கொள்வதும், கைப்பேசியில் மழைச் சத்தம் போன்ற ஏற்ற இறக்கமற்ற ஒலியை மெல்ல ஓடவிடுவதும் இவ்வகைதான். இதே காரணத்தால், ஒருவர் இருவர் பேசும் இடத்தைவிடப் பலர் பேசிக் குரல்கள் ஒன்றாய்க் கலங்கும் இடம் குறைவாகவே கெடுக்கிறது என்றும் ஜோன்ஸ் குழுவினர் கண்டிருக்கிறார்கள். காதுக்குள் வைத்துக் கேட்பதானால் ஒலியளவைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை.

பாட்டு இந்த வரிசையில் சேராது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பிடித்த இசையும் பிடிக்காத இசையும் வரிசை நினைவை ஏறக்குறைய ஒரே அளவில் கெடுத்ததைக் காட்டியது. பாட்டும் மாறிக்கொண்டே போகும் ஒலிதானே. தெரிந்த மொழிச் சொற்களும் அதில் சேர்ந்துவிட்டால் இரட்டைச் சுமை. அலுப்பான வேலைகளுக்கு, உதாரணமாகக் குறிப்பேட்டைப் படியெடுக்கும்போது, பாட்டு துணையாக இருக்கலாம். குறளை உருப்போடும்போது வேண்டாம்.

பயிற்சி என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சரக்குகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, வெறுமனே பழகிப்போவது. இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. படித்த பத்தியை நினைவுகூர்வது போன்ற வேலைகளில், அலுவலகச் சத்தத்தை 20 நிமிடம் முன்கூட்டியே கேட்டிருந்தவர்களுக்குக் கெடுதல் குறைந்தது என்று 1997-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் நடுவே 5 நிமிடம் அமைதி வந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிட்டது. வரிசையை நினைவில் வைக்கும் வேலையிலோ பழக்கம் பெரும்பாலும் உண்டாவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் ரயில் சத்தத்தில் இருந்த நியூயார்க் குழந்தைகளுக்கும் பழகிவிடவில்லை. சத்தம் உறைக்காமல் போவது வேறு, அது கெடுக்காமல் போவது வேறு. "எனக்கு டிவி கேட்கிறதே இல்லை" என்று ஒருவர் உறுதியாகச் சொல்வது, அவர் நினைவு பாதிக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, செயலிகள் விற்கும் நினைவுப் பயிற்சி. பிரிட்டனில் பிபிசியோடு இணைந்து நடத்தி 2010-இல் வெளியான சோதனையில் 11,430 பேர் ஆறு வாரம் மூளைப் பயிற்சி விளையாட்டுகளைச் செய்தார்கள். விளையாடிய விளையாட்டில் தேறினார்கள். மற்ற திறன்களுக்கு அது பரவவில்லை. செயல்நினைவை, அதாவது ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் நினைவை, வளர்ப்பதற்கான பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் 2013-இல் இதே திசையில்தான் முடிவு சொன்னார்கள். லுமாசிட்டி என்ற செயலியின் நிறுவனம், ஆதாரமில்லாமல் பலன்களை விளம்பரம் செய்ததாக அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டி உடன்பாட்டுக்கு வந்தது.

மூன்றாவது, இரைச்சலை ஒதுக்குவதற்கென்றே அமைந்த பயிற்சி. இதைத்தான் முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை. இரு காதுகளிலும் வெவ்வேறு ஒலி வரும்போது ஒன்றை மட்டும் கவனிக்கப் பழக்கிய பிறகு, பின்னணிப் பேச்சால் வரும் கெடுதல் குறைந்தது என்று கட்னரும் எலர்மையரும் 2020-இல் எழுதினார்கள். திடீர் ஒலிகளைப் பொறுத்தவரையிலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. வேலை கடினமாக இருந்து கவனம் அதில் ஊன்றியிருந்தாலோ, ஒலி வரப்போகிறது என்று முன்பே தெரிந்தாலோ, அவை கவனத்தைப் பறிப்பது குறைகிறது. ஆனால் அதே முன்னறிவிப்பும் ஊன்றிய கவனமும், மாறிக்கொண்டே போகும் ஒலி வரிசை நினைவைக் கெடுப்பதைத் தடுக்கவில்லை. மனஉறுதியால் வெல்லக்கூடியது ஒன்று, வெல்ல முடியாதது மற்றொன்று.

இங்கே யாராவது, ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் வைத்துக் காட்டும் அவதானிகளைச் சுட்டிக்காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியது தமிழர் அறிந்த செய்தி. முதுகில் விழும் பூக்களையும் அடிக்கும் மணியோசையையும் எண்ணிக்கொண்டே வெண்பாவை முடித்துக் கொடுக்கும் கலை அது. ஆனால் அவதானி அந்த ஒலிகளைப் பொருட்படுத்தாமல் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் கணக்கில் வைக்கிறார். பல ஆண்டு உழைப்பால், அந்தக் கலைக்குள்ளேயே கைவந்த தேர்ச்சி அது. எட்டு மாதத்தில் தேர்வை வைத்துக்கொண்டு டிவிச் சத்தத்தை வெல்ல அந்தப் பாதையில் இறங்குவது, கிணறு வெட்டித் தீயணைப்பது போலாகும்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது இதுதான். செயலிக்குச் சந்தா வேண்டாம். உருப்போட வேண்டியவற்றை எல்லாம் காலை நேரத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கும் ஒதுக்கட்டும். டிவி ஓடும் மாலை நேரத்தில் கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, இயர்பிளக்கும் வைத்துக்கொண்டு, வரிசையை மனத்தில் சுமக்கத் தேவையில்லாத வேலைகளைச் செய்யட்டும்: வரைபடம் குறிப்பது, பழைய வினாத்தாளில் தவறிய விடைகளைப் புத்தகத்தில் தேடிப் பார்ப்பது, மறுநாள் படிக்க வேண்டியதைக் குறித்துவைப்பது போன்றவை. கணக்கைக் காகிதத்தில் படிப்படியாக எழுதிப் போடலாம்; மனக்கணக்கு மட்டும் காலைக்குப் போகட்டும். பாட்டியின் தொடர்களில் எது தவிர்க்க முடியாதது, எது பழக்கத்தால் ஓடுவது என்று அக்கா விசாரித்துப் பார்த்ததில், எட்டரை மணித் தொடர் ஒன்றைப் பாட்டி தானாகவே விட்டுக்கொடுத்தாள். அதன் கதை இரண்டு வருடமாக நகரவே இல்லையாம்.

பயிற்சி என்று ஒன்றை நான் ஒப்புக்கொண்டது கடைசி மாதத்துக்கு மட்டும்தான். தேர்வு அறை அமைதியானது என்றாலும் அங்கே கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தம் உண்டு, பின்பெஞ்சில் இருமல் உண்டு, நேரம் முடியப்போவதைச் சொல்லும் மணி உண்டு. இவை எல்லாம் திடீர் ஒலிகள். பழக்கத்துக்கும் முன்னறிவுக்கும் ஓரளவு பணியும் வகை. ஆகவே வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வை மட்டும், இயர்பிளக் இல்லாமல், கிளை நூலகத்தில் வாசல் ஓரத்து மேசையில், மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.